பதின்மூன்று வயதில் ஸ்பான்சர்: போன்ஸ் பிரிகேட் பசங்கள் பட்டதும் பெற்றதும்

கேட்கப்பட்டது இதுதான்: "என் பையனுக்கு 13 வயது. இங்கே கலிபோர்னியாவில் ஒரு ஸ்கேட்போர்டு கடைக்காரர் அவனைத் தன் டீமில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். பலகை, டி-ஷர்ட் எல்லாம் இலவசமாம். டோனி ஹாக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தார் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். இப்படிச் சின்ன வயதில் ஸ்பான்சர் டீமில் சேர்ந்தவர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது?"

உங்கள் பையன் பொய் சொல்லவில்லை. ஸ்கேட்போர்டு உலகின் மிகப் பிரபலமான ஆளான டோனி ஹாக் 12 வயதுக்கு முன்னும் பின்னுமாக ஸ்பான்சர் பெற்றவர்தான். முதலில் டாக்டவுன் என்ற கம்பெனி. அது கொஞ்ச நாளில் படுத்துவிட்டது, அப்புறம் பவல் பெரால்டா கம்பெனியின் போன்ஸ் பிரிகேட் டீம். 14 வயதில், 1982-ல், புரொபஷனல் ஆகிவிட்டார். அதற்கு விழா எதுவும் கிடையாது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் அமெச்சூர் என்ற கட்டத்துக்குப் பதிலாகப் புரொபஷனல் கட்டத்தில் ஒரு டிக் அடித்தார், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருஷம் ஸ்கேட்போர்டு என்ன நிலைமையில் இருந்தது என்பதைப் பையனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுபதுகளின் நடுவில் யூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த சக்கரம் வந்ததும் ஊருக்கு ஊர் காசு வாங்கிக்கொண்டு விடும் ஸ்கேட் பார்க்குகள் முளைத்தன. பிள்ளைகள் விழுந்து அடிபட்டதும் வழக்குகள் வந்தன, இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, பார்க் முதலாளிகள் ஒவ்வொருவராக புல்டோசரைக் கூப்பிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மிச்சம் இருந்தவை கை விரலில் எண்ணுகிற அளவுக்குத்தான், அதில் ஒன்று டோனி வளர்ந்த டெல் மார் ஸ்கேட் ரான்ச். ஸ்கேட்போர்டுக்கென்று இருந்த பத்திரிகைகூட பெயரை மாற்றிக்கொண்டு மற்ற விளையாட்டுகளை உள்ளே இழுத்துப் பார்த்து, கடைசியில் நின்றே போனது. அப்படிப்பட்ட நேரத்தில் தன் பெயர் போட்ட பலகைக்கு டோனிக்கு வந்த முதல் ராயல்டி செக் ஒரு டாலருக்கும் குறைவு: 85 சென்ட். பள்ளிக்கூடத்தில் அவரை ஒருத்தரும் பெரிய ஆளாக நினைக்கவில்லை. ஸ்கேட்போர்டு என்பது அப்போது போன வருஷத்து பொம்மை.

அதனால் அந்தப் பசங்கள் காசுக்காகச் சேர்ந்தார்கள் என்று சொல்லவே முடியாது. பின்னே எதற்காகச் சேர்ந்தார்கள் என்றால், என் புரிதலில், நடுவில் நின்ற ஒரே ஒரு ஆளுக்காக. போன்ஸ் பிரிகேட்டை அமைத்த ஸ்டேசி பெரால்டா. கேள்விக்கான பதிலில் பாதி அவரைப் பற்றியதுதான், அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1975. சான்டா மோனிகாவில் ஒரு சர்ஃப் கடை. ஜெஃப் ஹோ, ஸ்கிப் எங்ப்லம், கிரெய்க் ஸ்டெசிக் என்று மூன்று பேர் நடத்தினார்கள். அந்தக் கடையைச் சுற்றித் திரிந்த, பாதிப்பேர் வீட்டில் கவனிப்பில்லாத, கடற்கரைப் பிள்ளைகளைச் சேர்த்து செஃபைர் என்று ஒரு டீம் அமைத்தார்கள். நீல டி-ஷர்ட், வேன்ஸ் ஷூ. பன்னிரண்டு பேர், அதில் ஒரே பெண் பெகி ஓகி. டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், அப்புறம் நீளமுடிக்கார ஸ்டேசி. அந்த வருஷம் டெல் மாரில் நடந்த தேசியப் போட்டியில், மற்றவர்கள் நேராக நின்று பாலே மாதிரி சுற்றிக்கொண்டிருக்க, இவர்கள் தரையோடு தரையாகக் குனிந்து கையால் சிமென்ட்டைத் தடவிக்கொண்டு வளைந்து போனார்கள். நடுவர்களுக்கு என்ன மார்க் போடுவதென்றே விளங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் நம் விஷயம். பெரிய கம்பெனிகள் வந்தன, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கொத்திக்கொண்டு போயின. கொஞ்ச நாளிலேயே டீம் இல்லை, கடையும் இல்லை. 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு யார் என்ன ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித்தர ஒருத்தர் இல்லை. அந்தக் கூட்டத்திலேயே வயதில் மிகச் சின்னவர்களில் ஒருவர் ஜே ஆடம்ஸ். பார்த்தவர்கள் எல்லோரும் அவனைத்தான் பிறவிக்கலைஞன் என்றார்கள். பின்னாளில் அவர் போதை, சிறை என்று அலைந்து மீண்டுவந்து, 2014-ல் 53 வயதில் மாரடைப்பில் போனார். டீம் உடைந்ததால்தான் எல்லாம் என்று நான் சொல்லவரவில்லை. அவ்வளவு எளிதாக ஒரு வாழ்க்கைக்குக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஸ்டேசி.

அவர் வேறொரு கம்பெனியில் நட்சத்திரமாகி, தன் பெயர் போட்ட பலகை நன்றாக விற்று, உலகம் சுற்றி, 1978-ல் 21 வயதில் அதையெல்லாம் விட்டுவிட்டு, ஜார்ஜ் பவல் என்ற பொறியாளரோடு கூட்டுச் சேர்ந்தார். பவல் எலும்பு நிறத்தில் வெள்ளை யூரித்தேன் சக்கரம் செய்துகொண்டிருந்தவர், அதனால்தான் அதற்குப் போன்ஸ் என்று பெயர். டீமுக்குப் போன்ஸ் பிரிகேட் என்று பெயர் வைத்தது பழைய செஃபைர் கடைக்காரர் ஸ்டெசிக். டீமின் பலகைகளில் இருந்த மண்டையோட்டுப் படங்களை வரைந்தவர் வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன். பயமுறுத்தும் மண்டையோடு, அதற்குப் பின்னால் பல்லுக்குக் கம்பி போட்ட பையன்கள். எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

ஸ்டேசி செய்த முதல் வித்தியாசமான வேலை, பெயர் வாங்கிய ஆட்களைத் தேடாமல் யாருக்கும் தெரியாத சின்னப் பசங்களைத் தேடியது. பிளாரிடாவிலிருந்து ஆலன் கெல்ஃபன்ட், மைக் மெக்கில். சான் ஹோசேயிலிருந்து ஸ்டீவ் கபயேரோ. முதுகெலும்பு வளைந்த, குள்ளமான பையன், சேரும்போது 14, 15 வயது. அப்புறம் ரோட்னி முல்லன், டோனி ஹாக், லான்ஸ் மவுண்டன், சான் பிரான்சிஸ்கோ மேட்டுத்தெருக்களில் பழகிய டாமி குரேரோ. போட்டிகளுக்கு அவர்களோடு அவரே போவார், தோற்றுவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவன் பக்கத்தில் அவரே உட்காருவார். விளம்பரத்திலும் சாகசப் படம் போடாமல் கிண்டலும் கோமாளித்தனமுமாக ஏதாவது எடுத்துப் போடுவார்கள். பசங்களுக்கு அது ஒரு விதத்தில் நிம்மதி. எப்போதும் வீரன் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லையே.

ஒவ்வொருவர் அனுபவமும் ஒவ்வொரு மாதிரி. ரோட்னி முல்லன் கதைதான் எனக்கு மிக நெருக்கமானது, அதனால் அதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

பிளாரிடாவில் கெய்ன்ஸ்வில். கண்டிப்பான அப்பா. ஸ்கேட்போர்டு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றவர், கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: முழங்கால், முழங்கைக் காப்பு எல்லாம் எப்போதும் போட்டிருக்க வேண்டும், பெரிய அடி ஒன்று பட்டால் அன்றோடு சரி, பலகை வெளியே போய்விடும். 1977 ஜனவரி 1-ஆம் தேதி பையன் ஆரம்பித்தான், வயது 10. அப்புறம் குடும்பம் பண்ணைக்குக் குடிபோனது. சுற்றி மண்ணும் புல்லும்தான். சிமென்ட் தரை என்றால் வீட்டையொட்டிய கராஜ்தான். ஏறி இறங்கும் வளைவான ராம்ப் இல்லை, தண்ணீர் இல்லாத நீச்சல்குளமான பூல் இல்லை, கூட்டாளி இல்லை. அந்தச் சின்னத் தரையில் ராத்திரி ராத்திரியாகத் தனியாகப் பழகியவன் 1980-ல், 14 வயது முடிந்தும் முடியாமலும், கலிபோர்னியாவுக்கு வந்து சமதரையில் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல் பிரிவின் அப்போதைய சாம்பியன் ஸ்டீவ் ராக்கோவைத் தோற்கடித்தான். வந்திருந்தவர்களுக்கு இவன் யாரென்றே தெரியாது.

அடுத்த சில வருஷங்களில் அவர் செய்ததை இன்றைக்கு உங்கள் பையன் தினமும் செய்துகொண்டிருக்கிறான். ஆலி என்பதைக் கண்டுபிடித்தவர் டீமில் மூத்தவரான கெல்ஃபன்ட், ஆனால் அது பூலின் செங்குத்துச் சுவரில் கை படாமல் பலகையோடு எழும்பும் வித்தை. முல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். பின்காலால் பலகையின் வாலைத் தரையில் ஒரு தட்டு, அதே நொடியில் முன்காலின் பக்கவாட்டை மேல்நோக்கித் தேய்த்து இழுத்தால் பலகை பசை போட்டது மாதிரி காலோடு எழும்பும். உங்கள் பையனின் ஷூவை எடுத்துப் பாருங்கள், முன்காலில் சுண்டுவிரல் பக்கம் துணி தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். அந்த ஓட்டை முல்லன் போட்டது. அதே எழும்புதலில் காலை ஒரு ஓரமாக உதறினால் பலகை தன் நீளவாக்கில் ஒரு முழுச் சுற்று சுற்றி வரும், கிக்ஃபிளிப். அதுவும் அவர்தான், எண்பதுகளின் தொடக்கத்திலேயே. தெரு ஸ்கேட்டிங் மொத்தமும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

சரி, இவ்வளவு சாதித்த பையன் சந்தோஷமாக இருந்தானா? இல்லை என்று அவரே பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். பத்து வருஷத்தில் கலந்துகொண்ட ஃப்ரீஸ்டைல் போட்டிகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஜெயித்தவர் என்று சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் வாங்கிய பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பயம் உங்களுக்குத் தெரியும் இல்லையா, அதேதான். ஒரு கட்டத்துக்கு மேல் ஜெயிப்பதில் கிடைக்க ஒன்றும் இல்லை, தோற்றால் போவது மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் அப்பா இதோடு நிறுத்து என்கிறார், டீமில் எல்லோரும் இவன் தோற்கவே மாட்டான் என்கிறார்கள். நடுவில் ஒரு பதினைந்து வயதுப் பையன். ஸ்பான்சர் டீம் என்றதும் யாரும் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

டோனிக்கு வேறு வகைத் தொல்லை. ஆள் குச்சி. முழங்கால் காப்பு எல்லாம் பெரிதாக இருக்கும் என்பதால் முழங்கைக் காப்பை முழங்காலில் மாட்டிக்கொண்டு ஓட்டியவர். உடம்பில் எடை இல்லாததால் மற்றவர்கள் மாதிரி சுவர் விளிம்பிலேயே பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு மேலே பறக்க முடியாது. அதனால் முதலில் ஆலி போட்டு எழும்பி, காற்றில் போன பிறகு பலகையைப் பிடிப்பார். இதைப் பார்த்த மூத்தவர்கள், இது ஸ்கேட்டிங்கே இல்லை, சர்க்கஸ் என்று கேலி செய்தார்கள். இன்றைக்கு எல்லோரும் செய்வது அந்த சர்க்கஸைத்தான். அதற்கு மேல் ஒரு சிக்கல், அவர் அப்பா ஃபிராங்க் ஹாக். பிள்ளைக்கு விளையாட இடம் வேண்டும் என்பதற்காகவே அமெச்சூர் லீக் ஒன்று ஆரம்பித்து, அப்புறம் புரொபஷனல் போட்டிகளை நடத்தும் தேசிய ஸ்கேட்போர்டு சங்கத்தையும் நிறுவியவர். நல்ல மனிதர்தான், அவர் இல்லாவிட்டால் அந்த வருஷங்களில் போட்டியே நடந்திருக்காது. ஆனால் பையன் ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் 'அப்பன் சங்கம்தானே' என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு கேட்கும். அப்பா மைக் பிடித்துக்கொண்டிருக்கும் மைதானத்தில் பதினைந்து வயதில் விளையாடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எண்பதுகளின் பின்பகுதியில், உச்சத்தில் இருக்கும்போதே, இந்த அழுத்தம் தாங்காமல் கொஞ்ச காலம் போட்டியே வேண்டாம் என்று ஒதுங்கிப் போய்த் திரும்பி வந்தார்.

மெக்கில் விஷயம் சுருக்கமாக. 1984-ல் ஸ்வீடனில் ஒரு கோடை முகாமில் ஒன்றரைச் சுற்றைத் தலைகீழாகச் சுற்றி இறங்கும் வித்தையைக் கண்டுபிடித்தார், மெக்ட்விஸ்ட். ஊருக்குத் திரும்பிப் போட்டியில் அதைப் போட்டதும் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. டீம் கூட்டாளி கண்டுபிடித்தான் என்ற பெருமை ஒரு பக்கம், நாளைக்கு இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் நான் காலி என்ற பயம் ஒரு பக்கம். டோனியும் கபயேரோவும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள், வேறு வழி? ஒரே டீம் என்பது ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி மாதிரிதான், பாசமும் பொறாமையும் ஒரே தட்டில்.

இந்தக் கூட்டத்தில் லான்ஸ் மவுண்டன் ஒரு தனிப்பிறவி. மற்ற எல்லோரும் ஏதாவது ஒன்றில் உலகத்திலேயே முதல் ஆள். லான்ஸ் அப்படி இல்லை, அதுவும் அவருக்கே தெரியும். நான் இவர்கள் அளவுக்கு இல்லையே என்ற உறுத்தல் அத்தனை வருஷமும் தனக்கு இருந்ததை ஐம்பதை நெருங்கும் வயதில் கேமரா முன்னால் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. ஆனால் பாருங்கள், 1984-ல் டீம் தன் முதல் வீடியோ கேசட்டை வெளியிட்டபோது கதையைத் தாங்கியது லான்ஸ்தான். லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில், சந்துகளில், சாதாரணமாகச் சிரித்துக்கொண்டே உருட்டிக்கொண்டு போவார். ராம்ப் இல்லாத, பார்க் இல்லாத ஊர்களில் அதைப் பார்த்த பிள்ளைகள் டோனியாக முடியாது, லான்ஸ் ஆகலாம் என்று பலகை வாங்கினார்கள். ஸ்டேசி அதை முன்கூட்டியே கண்டுகொண்டார். லான்ஸுக்கு மட்டும் அது தெரியவில்லை.

பணம் அப்புறம் வந்தது, வந்தபோது கொட்டியது. எண்பதுகளின் நடுவில் ஸ்கேட்போர்டு மறுபடி பிடித்துக்கொண்டது. பெயர் போட்ட ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சிறு பங்கு என்பதால், 85 சென்ட் வாங்கிய டோனி பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே, 17 வயதில், சொந்த வீடு வாங்கிவிட்டார். பாடம் நடத்தும் ஆசிரியரைவிடப் பையனுக்கு வருமானம் அதிகம். வீட்டில் எப்போதும் கூட்டம்.

பிறகு அதுவும் போனது. ராக்கோ, அந்த 1980-ல் தோற்றவர்தான், தன் சொந்தக் கம்பெனி ஆரம்பித்து பழைய பெரிய கம்பெனிகளை விளம்பரத்திலேயே கிழித்தார். முல்லன் அவரோடு போய்ச் சேர்ந்தார். தோற்றவரும் தோற்கடித்தவரும் கூட்டாளிகள். தெரு ஸ்கேட்டிங் மேலே வந்தது, ராம்ப் ஆட்கள் பழைய ஆட்களானார்கள், பொருளாதாரமும் சரிந்தது. 1991-ல் ஸ்டேசி கம்பெனியை விட்டு விலகினார். டோனி 1992-ல் நண்பர் ஒருவரோடு பேர்ட்ஹவுஸ் என்ற கம்பெனி தொடங்கி, வீட்டின் மேல் கடன் வாங்கி, சாப்பாட்டுக்கு மனைவி கொடுக்கும் தினப்படி 5 டாலரில் டாக்கோ பெல்லில் காலம் தள்ளினார். காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றும் 900 டிகிரி வித்தையும், அவர் பெயரில் வந்த வீடியோ கேமும், பெரிய பணமும் 1999-ல்தான் வந்தன, அப்போது அவருக்கு 31 வயது. உங்கள் பையன் பார்த்து வளர்ந்த டோனி ஹாக் அந்த 31 வயதுக்காரர். 13-க்கும் 31-க்கும் நடுவில் ஒரு முறை ஏறி, ஒரு முறை தரையில் விழுந்திருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள். பயமுறுத்த இல்லை, கணக்குக்காக.

இது பழைய கதை, இப்போது எப்படி என்று கேட்பீர்கள். இப்போது வயது இன்னும் இறங்கியிருக்கிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கிய நிஷியா மொமிஜிக்கு 13 வயது, வெள்ளி வாங்கிய பிரேசிலின் ரைசா லியாலுக்கும் 13. பார்க் பிரிவில் வெள்ளி வாங்கிய ஹிராகி கொகோனாவுக்கு 12. வெண்கலம் வாங்கிய ஸ்கை பிரவுன் அதற்கு முந்தைய வருஷம் ராம்ப்பிலிருந்து விழுந்து மண்டை ஓட்டில் விரிசலும் கையில் எலும்பு முறிவுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அப்போது 11 வயது, அதற்குள் பெரிய ஷூ கம்பெனியின் ஸ்பான்சர். பொதுவாக விழும் காட்சிகளைப் போடாதவர், அதை மட்டும் எல்லோரும் பார்க்கட்டும் என்று போட்டார். ஹெல்மெட் இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

இன்னொரு மாற்றம், அந்தக் காலத்தில் பையனைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்டேசி ஊர் ஊராக வர வேண்டியிருந்தது. இப்போது பையனே போனில் தன்னை எடுத்துப் போடுகிறான், கம்பெனி அவனைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்க்கிறது. எங்கள் ஊர்ப் பார்க்கில் சனிக்கிழமை காலையில் போனால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும்: படிக்கட்டுக்குக் கீழே ஒரு அப்பா போனைப் பிடித்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார், மேலே பையன். விழுவான். அப்பா போனைப் பார்த்துக்கொண்டே 'இன்னொரு தடவை' என்பார். முழங்கையில் ரத்தம் வருகிறதா என்று நிமிர்ந்து பார்க்க மாட்டார். நானும் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் பெண் பலகையைக் காலால் தட்டி என் பக்கம் தள்ளிவிட்டு, 'நீங்க வேணா குதிங்கப்பா' என்றாள்.

உங்கள் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கடை டீம் என்பது இந்த ஏணியில் அடியில் இருக்கும் படி. பெரும்பாலும் மாதம் ஒரு பலகை, அல்லது விலையில் தள்ளுபடி, ரெண்டு டி-ஷர்ட், ஸ்டிக்கர். ஒப்பந்தம் என்று காகிதமே இருக்காது. அதற்கு மேலே கம்பெனிகள் நேரடியாகப் பெட்டியில் பொருள் அனுப்பும் நிலை, அதை ஃப்ளோ என்பார்கள், சம்பளம் கிடையாது. அதற்கும் மேலே அமெச்சூர், கம்பெனி செலவில் வேனில் ஊர் சுற்றி கடை வாசல்களில் ஓட்டிக்காட்டுவது. பெயர் போட்ட பலகை வந்தால் புரோ. கீழ்ப்படியில் நிற்கும் பிள்ளைகளில் மேலே போகிறவர்கள் மிகக் கொஞ்சம். அதனால் என்ன, ஏழு அடுக்கு மேப்பிள் பலகை ஒன்று இப்போது 60 டாலரை ஒட்டி விற்கிறது, தினமும் ஓட்டுகிற பையன் அதை ஒன்றிரண்டு மாதத்தில் தேய்த்துவிடுவான். இலவசம் என்பது உங்கள் பர்சுக்கு உண்மையான உதவிதான். வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடைக்காரரோடு அரை மணி நேரம் வேறு விஷயம் பேசுங்கள். வேறு ஊருக்குப் போட்டி, டெமோ என்றால் வண்டி யார் ஓட்டுகிறார்கள், ராத்திரி யார் கூட இருக்கிறார்கள். ஹெல்மெட் போடாமல் படம் எடுக்கச் சொல்வாரா, ஏனென்றால் தெருப் பக்கம் ஹெல்மெட் போட்டால் அழகில்லை என்று இன்றும் நினைக்கிறார்கள். ஒலிம்பிக்கிலேயே 18 வயதுக்குக் கீழே கட்டாயம் என்று சொல்லுங்கள். டீமில் இருக்கும் மற்ற பசங்களின் வயது என்ன, 19, 20 வயதுப் பையன்கள் என்றால் ஒரு நாள் கூடப்போய் நின்று அவர்கள் பேச்சைக் கேளுங்கள். பள்ளிப் பரீட்சை வந்தாலோ முழங்கால் வீங்கினாலோ மூன்று மாதம் ஓட்டாமல் இருந்தால் டீமில் இடம் இருக்குமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கையெழுத்து போடச் சொல்லி எதையாவது நீட்டினால், பையனின் பெயரையும் படத்தையும் எத்தனை வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். புரியாவிட்டால் போடாதீர்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பையனிடமும் ஒன்று கேட்க வேண்டும், அப்பாவாக இல்லாமல் சும்மா வண்டியில் போகும்போது: டீம் இல்லாவிட்டாலும் நாளைக்குக் காலையில் பலகையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாயா? முல்லனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நமக்குத் தெரியும். ஃப்ரீஸ்டைல் போட்டிகளே காணாமல் போன பிறகும், பார்க்க ஒரு கூட்டமும் இல்லாமல் ராத்திரி காலி வாகன நிறுத்தங்களில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

என் பெண்ணும் ஒரு கடை டீமில்தான் இருக்கிறாள், ஒரு வருஷமாகிறது. போன வசந்தத்தில் மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. மூன்றாவது வாரம் கடைக்காரர் போன் செய்தார். டீமிலிருந்து எடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று இவள் முகம் சுருங்கிப் போய் ஸ்பீக்கரில் போட்டாள். கை எப்படி இருக்கிறது, எழுதுவது எந்தக் கை, ஸ்கூலில் யார் பை தூக்குகிறார்கள் என்று கேட்டார், அவ்வளவுதான், வைக்கப் போனார். இந்த மாதப் பலகையை வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று இவள்தான் கேட்டாள்.